சங்காயத்துக்குள் என்னென்ன மீன்? பள்ளி மாணவர்கள் செய்யக்கூடிய மூலக்கூறு உயிரியல் ஆய்வு

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மூலக்கூறு மரபியல் என்று ஒரு பாடம் உண்டு. டிஎன்ஏ எப்படித் தன்னைப் பிரதியெடுக்கிறது, அதிலிருந்து புரதம் எப்படி உருவாகிறது என்பதெல்லாம் அதில் வரும். ராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள், படம் வரைகிறார்கள், தேர்வில் எழுதிவிட்டும் வருகிறார்கள். அவர்களில் பலர் காலையில் பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ மீன் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் பாடத்தில் இருக்கும் டிஎன்ஏவும் கூடையில் கிடக்கும் மீனும் அவர்கள் படிப்பில் ஓரிடத்தில் சேர்வதே இல்லை. அவற்றைச் சேர்க்க முடியும், அதுவும் மீன்வள விஞ்ஞானி ஒருவர் எடுத்துப் பயன்படுத்தும் அளவுக்கு ஒழுங்காகச் செய்ய முடியும். படகில் வரும் சங்காயத்தில், அதாவது ஏலத்துக்குப் போகாமல் மிஞ்சும் குவியலில், என்னென்ன மீன் இருக்கிறது என்று டிஎன்ஏவைக் கொண்டு கண்டுபிடிப்பதுதான் வழி. எப்படி என்று பார்ப்போம். உயிரியல் படிக்காதவர்களும் புரிந்துகொள்ளும்படி சொல்கிறேன்.

முதலில், ஆய்வு என்றால் என்ன? வேதியியல் செய்முறை வகுப்பில் ஓர் உப்பைக் கொடுப்பார்கள். அது எந்த உப்பு என்று ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரியும். மாணவர் அதைக் கண்டுபிடித்தால் சரி, இல்லாவிட்டால் தப்பு. கை பழகுவதற்கு அது தேவைதான். ஆய்வில் ஆசிரியருக்கும் விடை தெரியாது, மண்டபம் ஊரில் உள்ள மீன்வள ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை இருக்கும். அறிவியல் கண்காட்சிகளில் வாழைப்பழத்தை மசித்து, சோப்புத் தண்ணீரும் உப்பும் கலந்து, குளிர்ந்த ஆல்கஹாலை ஊற்றி, டிஎன்ஏவை வெள்ளை நூலாக எடுத்துக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நூலை எடுத்த பிறகு வாழைப்பழத்தைப் பற்றி உலகத்தில் யாருக்கும் புதிதாக எதுவும் தெரிந்துவிடுவதில்லை. மாணவர்களை ஆய்வில் சேர்ப்பது என்றால், கேள்வி சின்னதாக இருந்தாலும் அதன் விடை புதிதாக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கேள்வி நம் கரையிலேயே குவிந்து கிடக்கிறது. விசைப்படகு வந்ததும் இறால், கணவாய், நண்டு, பெரிய மீன் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்து ஏலத்துக்குப் போகும். மிச்சமாக ஒரு குவியல் நிற்கும். பொடிக் காரல் மீன், இன்னதென்று தெரியாத குஞ்சுகள், நசுங்கிய நண்டு, சிப்பி எல்லாம் கலந்த குவியல். அதைத்தான் சங்காயம் என்கிறோம். காய வைத்து மீன் தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் அனுப்புகிறார்கள். அந்தக் குவியலில் விளைமீன் குஞ்சு எவ்வளவு, பாறை மீன் குஞ்சு எவ்வளவு? வளர விட்டிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடிய மீன்கள் எத்தனை வகை அதில் போகின்றன? மீன்பிடித் தடைக்காலம் முடிந்த உடனே வரும் சங்காயமும் சில மாதம் கழித்து வருவதும் ஒன்றுதானா? பாக் நீரிணைப் பக்கம் இறங்குவதும் மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்குவதும் வேறா? ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட மாதத்தில் நிலவரம் என்ன என்று யாராவது போய்ப் பார்த்துக் கணக்கெடுத்தால்தான் தெரியும்.

கண்ணால் பார்த்துப் பிரிக்கக் கூடாதா என்று கேட்கலாம். பெரிய மீனாக இருந்தால் கடற்கரைப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். குஞ்சு என்றால் சிரமம். பல மீன்களுக்குக் குஞ்சாக இருக்கும்போது நிறமும் வரியும் வேறு மாதிரி இருக்கும். துடுப்பு முள்ளை எண்ணிப் பார்க்கலாம் என்றால் வலையின் மடியில் இழுபட்டு அது ஒடிந்திருக்கும். காரலிலேயே ஒன்றுக்கொன்று அச்சு அசலாக இருக்கும் இனங்கள் உண்டு. அந்த இடத்தில்தான் டிஎன்ஏ கை கொடுக்கிறது. தலை போயிருந்தாலும் சரி, வெறும் சதைத் துண்டாக இருந்தாலும் சரி, அதற்குள் இருக்கும் எழுத்து வரிசை மாறுவதில்லை.

அந்த எழுத்து வரிசையைக் கொஞ்சம் பார்ப்போம். டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட சங்கிலி. செல்லின் உட்கருவில் அது கோடிக்கணக்கான எழுத்துகளாக இருக்கிறது. அது போக, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்புக்குள்ளும் தனியாக ஒரு குட்டி டிஎன்ஏ வளையம் உண்டு. மீன்களில் அதன் நீளம் சுமார் 16,500 எழுத்துகள். ஒரு செல்லில் மைட்டோகாண்ட்ரியா நிறைய இருப்பதால் இந்த வளையமும் நிறையப் படிகளாக இருக்கும். அழுகத் தொடங்கிய மீனிலும் கருவாட்டிலும்கூட ஏதாவது ஒரு படி பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த வளையத்தில் சிஓஐ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு மரபணு இருக்கிறது. செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் பெறத் தேவையான ஒரு புரதத்துக்கான மரபணு அது. அதனால் விலங்குகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அது உண்டு. கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபெர்ட்டும் அவர் குழுவினரும் 2003-இல் ஒரு யோசனை சொன்னார்கள். இந்த ஒரு மரபணுவில் சுமார் 650 எழுத்துகளை மட்டும் படித்தால் போதும், பெரும்பாலான விலங்கு இனங்களைப் பிரித்துச் சொல்லிவிடலாம் என்றார்கள். இதற்கு டிஎன்ஏ பார்கோடு என்று பெயர்.

650 எழுத்து எப்படிப் போதும்? வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே பாட்டுதான். ஒரே ஊருக்குள் இரண்டு பேர் பாடினால் ஓரிரு சொல் மாறும். பல தலைமுறைக்கு முன் பிரிந்து போன இரண்டு ஊர்களில் அதே பாட்டைக் கேட்டால் மெட்டு அதுவாகவே இருக்கும், சொற்கள் நிறைய மாறியிருக்கும். மரபணுவிலும் தலைமுறை தலைமுறையாகச் சிறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. ஒரே இனத்துக்குள் மீன்கள் கூடிக் கலந்துகொண்டே இருப்பதால் வித்தியாசம் பெரிதாவதில்லை. பிரிந்துபோன இனங்களுக்கு இடையில் அது கூடிக்கொண்டே போகும். 2005-இல் ஆஸ்திரேலியக் கடல் மீன்களில் 207 இனங்களை இப்படிப் படித்து வெளியிட்டார்கள். ஒரே இனத்து மீன்களுக்குள் சராசரி வித்தியாசம் 0.39 விழுக்காடு. ஒரே பேரினத்தை (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியை) சேர்ந்த வேறு வேறு இனங்களுக்குள் 9.93 விழுக்காடு. 650 எழுத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலாவது இரண்டு மூன்று எழுத்து, அடுத்தது அறுபது எழுத்துக்கு மேல். அந்த இடைவெளி இருப்பதால்தான் பள்ளி மாணவர் ஒருவரும் இந்த வேலையை நம்பிக்கையோடு செய்ய முடிகிறது.

இனி வேலைக்கு வருவோம். இதில் மிக முக்கியமான பகுதி கரையிலேயே நடக்கிறது. ஆய்வகத்தில் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், கரையில் மாதிரி தப்பாக எடுத்தால் எல்லாம் வீண். சங்காயக் குவியலிலிருந்து எடுக்கும்போது கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்ததையோ பளபளப்பாக இருந்ததையோ பொறுக்கி எடுக்கக் கூடாது. குவியலை நன்றாகக் கலந்து நான்காகப் பிரித்து, ஒரு பங்கை எடுத்து, அதை மறுபடி நான்காகப் பிரித்து, கடைசியில் வரும் சிறு பங்கில் உள்ள அத்தனையையும் எடுக்க வேண்டும். நசுங்கியது, அசிங்கமாக இருப்பது எதையும் விடக் கூடாது. நாம் பார்க்க விரும்பியதை மட்டும் பொறுக்கினால் குவியலில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது, நமக்கு எது பிடிக்கும் என்பதுதான் தெரியும்.

ஒவ்வொரு மீனுக்கும் ஓர் எண். அந்த எண்ணோடு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து மீனின் இடப்பக்கத்தைப் புகைப்படம் எடுக்க வேண்டும். நாள், இறங்குதளம், படகு வகை, வலை வகை, எந்தப் பக்கக் கடல் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம், அந்த மீனைப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டி, அவர்கள் சொல்லும் பெயரையும் எழுத வேண்டும். ஒரே மீனுக்கு இரண்டு பேர் வேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். இந்தப் பகுதியில் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இணை கிடையாது. வெளியூரிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவருக்குப் பல வாரம் பிடிக்கும் வேலை இது. ஏலக்காரர், மீன் பிரிக்கும் அக்காமார், படகில் போன மாமா, எல்லோரும் இந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்தான். யாரிடம் எப்போது போய்க் கேட்டால் பதில் கிடைக்கும் என்பதும் தெரியும். அந்த அறிவை ஆய்வின் ஒரு பகுதியாக மதித்து நோட்டில் ஏற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு மீனின் வலப்பக்கத்திலிருந்து ஓர் அரிசி அளவு சதையைச் சுத்தமான பிளேடால் வெட்டிச் சின்னக் குழாயில் போட வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் புது பிளேடு, அல்லது முந்தையதை நன்றாகத் துடைத்துச் சுட்டு எடுத்தது. பாதுகாக்க 95 விழுக்காடு எத்தனால் சிறந்தது. பள்ளிகள் அதை வாங்குவதில் கட்டுப்பாடு உண்டு என்பதால் கூட வேலை செய்யும் கல்லூரி மூலமாகப் பெறுவது நல்லது. இல்லாவிட்டால் குளிர்பெட்டியில் ஐஸ் போட்டு அன்றைக்கே கொண்டுபோய் உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். ஃபார்மலின் மட்டும் கூடவே கூடாது. அது டிஎன்ஏவைப் பிணைத்துக் கெடுத்துவிடும். பள்ளி ஆய்வக அலமாரியில் பல வருடமாகக் கண்ணாடிக் குப்பியில் இருக்கும் மீனை எடுத்து வரிசை பார்க்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், பெரும்பாலும் கைக்கு ஒன்றும் வராது. சதை எடுத்தபின் மிச்ச மீனையும் அதே எண்ணோடு பத்திரப்படுத்த வேண்டும். நாளைக்கு யாராவது இந்த வரிசை இந்த மீனுடையதுதானா என்று சந்தேகப்பட்டால் எடுத்துக் காட்ட அது வேண்டும்.

ஆய்வக வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது எங்கும் ஒரே மாதிரிதான். சதையை நொதியாலும் சூட்டாலும் கரைத்து டிஎன்ஏவைப் பிரித்தெடுப்பது முதல் படி. அடுத்தது பிசிஆர். அந்த 650 எழுத்துப் பகுதியை மட்டும் கோடிக்கணக்கான படிகளாகப் பெருக்கும் முறை இது. சுமார் 95 டிகிரியில் இரட்டை இழை பிரியும். 50 டிகிரிக்குச் சற்று மேலே வரும்போது, நமக்கு வேண்டிய பகுதியின் இரு முனையிலும் சிறு டிஎன்ஏ துண்டுகள் போய் ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி இடைப்பட்ட எழுத்துகளை நிரப்பிப் புது இழையைக் கட்டும். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். முப்பது சுற்றில் நூறு கோடியைத் தாண்டும். கேரி மல்லிஸ் 1983-இல் கண்டுபிடித்த முறை, 1993-இல் நோபல் பரிசு பெற்றது.

அந்தச் சூட்டிலும் கெடாத நொதி எங்கிருந்து வந்தது என்பதை மாணவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாடிகஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து வந்தது. அதைத் தனியாக வளர்த்து எடுத்தவர்கள் தாமஸ் பிராக் என்ற பேராசிரியரும், அவரிடம் இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்த ஹட்சன் ஃபிரீஸ் என்ற மாணவரும். 1969-இல் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. வெந்நீரில் என்ன வாழ்கிறது என்ற கேள்வியைத்தான் அவர்கள் கேட்டார்கள். பிசிஆர் என்று ஒன்று வரப்போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

பெருக்கியது சரியாக வந்திருக்கிறதா என்று ஜெல் என்ற கூழ்ப் பலகையில் ஓட்டிப் பார்ப்பார்கள். டிஎன்ஏவுக்கு எதிர்மின் தன்மை இருப்பதால் மின்சாரம் பாய்ச்சியதும் நேர்மின் முனையை நோக்கி நகரும். சிறிய துண்டு வேகமாகப் போகும், பெரியது பின்தங்கும். 650 எழுத்து அளவுள்ள இடத்தில் ஒரு பட்டை தெரிந்தால் சரி. எத்திடியம் புரோமைடு என்ற பழைய சாயம் மரபணுவில் மாற்றத்தை உண்டாக்கக்கூடியது, அதைப் பள்ளி மாணவர்களின் கையில் கொடுக்கக் கூடாது. பாதுகாப்பான மாற்றுச் சாயங்கள் இப்போது கிடைக்கின்றன. அதன்பின் எழுத்து வரிசையைப் படிக்க, ஃபிரெட்ரிக் சாங்கர் 1977-இல் வெளியிட்ட முறைதான் இன்றைக்கும் இந்த மாதிரி வேலைக்கு ஏற்றது. இதைப் பள்ளியோ சிறு கல்லூரியோ செய்வதில்லை. குழாயைக் கூரியரில் அனுப்பினால் வரிசையைப் படித்து மின்னஞ்சலில் அனுப்பும் தனியார் ஆய்வகங்கள் நாட்டில் பல இருக்கின்றன. ஒரு மாதிரிக்குச் சில நூறு ரூபாய் ஆகும்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறை பிசிஆர் வைக்கும்போதும் ஒரு குழாயில் மீன் டிஎன்ஏவே போடாமல் வெறும் தண்ணீர் விட்டு வைப்பார்கள். மற்ற எல்லாம் அதில் இருக்கும். அந்தக் குழாயில் எதுவும் பெருகக் கூடாது. பெருகினால் எங்கோ கலப்படம் நடந்திருக்கிறது என்று அர்த்தம். திரவத்தை அளந்து விடும் பைப்பெட்டின் முனையை மாற்றாமல் விட்டிருக்கலாம், முந்தைய நாள் பெருக்கியது மேசையில் சிந்தியிருக்கலாம். அப்போது அன்றைய எல்லா மாதிரிகளின் முடிவையும் ஒதுக்கிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். மற்ற குழாய்களில் நல்ல பட்டை வந்திருக்கிறதே, விட்டுவிடலாமா என்று மனம் கேட்கும். விடக் கூடாது. இந்தத் தண்ணீர்க் குழாய் ஏன் வேண்டும் என்று ஒரு மாணவர் தன் வார்த்தையில் விளக்கிவிட்டால், அவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று புரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். நொதியின் பெயரை மறந்தாலும் பரவாயில்லை. நம் முடிவை நாமே முதலில் சந்தேகப்பட்டுச் சோதிக்கும் பழக்கம் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்து வருவதில்லை.

வரிசை வந்தபின் வேலை மறுபடி பள்ளிக்கே திரும்பும். அரசுப் பள்ளிகளில் உள்ள உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளே போதும், மென்பொருள்களும் தரவுத்தளங்களும் இலவசம். வரும் கோப்பைத் திறந்தால் நான்கு நிறங்களில் மலைமுகடு போல வரைபடம் தெரியும். ஒவ்வொரு முகடும் ஓர் எழுத்து. முகடு தெளிவாக, தனியாக நின்றால் நம்பலாம். இரண்டு நிறம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் கணினி ஏதோ ஓர் எழுத்தைச் சொல்லும், நாம் அப்படியே ஏற்கக் கூடாது. ஒவ்வோர் எழுத்துக்கும் தர மதிப்பெண் உண்டு. 20 என்றால் நூறில் ஒன்று தப்பாக இருக்க வாய்ப்பு, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. தொடக்கமும் முடிவும் பெரும்பாலும் மோசமாக இருக்கும், வெட்டிவிட வேண்டும். மூன்று மாணவர்கள் தனித்தனியாக ஒரே கோப்பைப் படித்து, எங்கே வேறுபடுகிறார்கள் என்று உட்கார்ந்து பேசினால் அதைவிட நல்ல உயிரியல் வகுப்பு இருக்க முடியாது.

சுத்தம் செய்த வரிசையை ஜென்பேங்க், போல்டு போன்ற பொதுத் தரவுத்தளங்களில் கொடுத்தால், ஏற்கெனவே உள்ளவற்றில் எதோடு பொருந்துகிறது என்று வரும். 99 விழுக்காட்டுக்கு மேல் ஒரே இனத்தோடு மட்டும் பொருந்தினால் பெரும்பாலும் அதுதான். 93 என்று வந்தால்? அந்த இனம் இல்லை, உறவுக்கார இனம் ஏதோ ஒன்று, அதன் வரிசையை இதுவரை யாரும் தரவுத்தளத்தில் ஏற்றவில்லை என்று பொருளாக இருக்கலாம். அல்லது நம் வரிசையில் பிழை இருக்கலாம். 99 விழுக்காட்டில் இரண்டு வேறு பெயர்கள் வந்தால்? காரலில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். முன்பு லெயோக்னாதஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்த காரல்கள் பலவற்றைப் பின்னர் தனித்தனிப் பேரினங்களாகப் பிரித்தார்கள். பழைய பெயரில் ஏற்றிய வரிசையும் புதுப் பெயரில் ஏற்றியதும் தரவுத்தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். யாரோ தப்பாக அடையாளம் கண்டு ஏற்றியதும் இருக்கும். அப்போதுதான் அந்தப் புகைப்படத்தையும், பத்திரப்படுத்திய மீனையும், பெரியவர்கள் சொன்ன பெயரையும் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கணினி சொல்லிவிட்டது என்பதோடு வேலை முடிவதில்லை.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவதால், இரண்டு இனம் கலந்து பிறந்த மீனாக இருந்தால் தாயின் இனத்தை மட்டுமே காட்டும். கருவாட்டில் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும், 650 எழுத்து முழுதாகக் கிடைக்காமல் 100 முதல் 300 எழுத்து வரையுள்ள சின்னப் பகுதியோடு திருப்திப்பட வேண்டியிருக்கும். சங்காயத்தை மொத்தமாக அரைத்துப் படித்தால் எந்தெந்த இனம் என்று சொல்லலாம், எத்தனை கிலோ என்று சொல்ல முடியாது. எண்ணிக்கை வேண்டுமென்றால் ஒவ்வொரு மீனாகத்தான் பார்க்க வேண்டும்.

காரலைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. காரலின் உணவுக்குழாயைச் சுற்றி ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒளிவிடும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன, மீன் அந்த வெளிச்சத்தைத் தன் உடல் வழியாக வெளியே விடுகிறது. அந்த ஒளி பாக்டீரியா இனங்களில் ஒன்றுக்கு நம் மண்டபத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ஃபோட்டோபாக்டீரியம் மண்டபமென்சிஸ். 1970-இல் வந்த பெயர். இதுவும் ஃபோட்டோபாக்டீரியம் லெயோக்னாதி என்பதும் ஒரே இனமா, வேறா என்று நெடுநாள் குழப்பம் இருந்தது. பின்னர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுத்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வாளர்கள் காட்டினார்கள். மண்டபத்துப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு இந்தச் செய்தி தெரியாமலே படிப்பு முடிந்துவிடக் கூடாது.

பள்ளி மாணவர்கள் இதையெல்லாம் செய்ய முடியுமா என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே இருக்கிறது. 2008-இல் நியூயார்க் நகரத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவிகள் இருவர் கடைகளிலும் உணவகங்களிலும் 60 மீன் மாதிரிகள் வாங்கி, வரிசை படிக்கக் கெல்ஃப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அடையாளம் காண முடிந்தவற்றில் ஏறக்குறைய கால் பங்கு வேறு மீனின் பெயரில் விற்கப்பட்டவை. அந்த மாணவிகள் ஆய்வகத்தில் ஒரு கருவியைக்கூட இயக்கவில்லை. கேள்வி அவர்களுடையது, மாதிரி எடுத்தது அவர்கள், முடிவைப் பொருள் கொண்டதும் அவர்கள்தான். நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் வாக்ஸ்மன் மாணவர் திட்டத்தில் பள்ளி மாணவர்கள் குளத்தில் மிதக்கும் குட்டித் தாவரங்களின் மரபணு வரிசைகளைப் படித்து அலசுகிறார்கள். சரிபார்த்த வரிசைகள் மாணவர் பெயரோடு ஜென்பேங்கில் ஏறுகின்றன. பல பள்ளிகள், ஒரே பல்கலைக்கழகம், ஒரே கேள்வியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை அது. தொண்டி, மண்டபம், கீழக்கரை, மூக்கையூர் என்று நம் கரைக்கும் அந்த அமைப்பு நன்றாகப் பொருந்தும். ஒவ்வொரு பள்ளியும் தன் ஊர் இறங்குதளத்தைப் பார்த்துக்கொண்டால் கரை முழுவதற்கும் ஒரு படம் கிடைக்கும்.

ஆட்களும் இடமும் இங்கே இல்லாமல் இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-இல் தொடங்கியது. 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை பல ஆண்டுகள் அதன் தலைமையகம் மண்டபத்தில்தான் இருந்தது. இப்போதும் அங்கே அதன் மையம் இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மாவட்டத்தில் கலை அறிவியல் கல்லூரிகளும் உண்டு. பள்ளி ஒன்று செய்ய வேண்டியது, இப்படி ஓரிடத்தில் பிசிஆர் கருவியும் கொஞ்சம் நேரமும் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு கேள்வியோடு போய்ப் பேசுவது. கருவி வாங்கித் தரும் நன்கொடையாளரைத் தேடி முதலில் அலைய வேண்டாம். பராமரிக்க ஆள் இல்லாமல் உறை போட்டு மூடி வைத்த கருவியால் யாருக்கும் பயனில்லை. செலவழிக்கப் பணம் இருந்தால் மாதிரிகளை வரிசை படிக்க அனுப்புவதற்கும், பிள்ளைகள் போய் வர வண்டிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

சட்டத்தையும் முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் அதில் சேரும். அங்கே அனுமதியில்லாமல் போகவோ எதையும் எடுக்கவோ கூடாது. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம், சில சுறா, திருக்கை வகைகள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கரையில் செத்துக் கிடந்தாலும் ஒரு துண்டுகூட எடுக்க அனுமதி வேண்டும். சங்காயக் குவியலில் அப்படி ஒன்று வந்துவிட்டால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இதற்காகவே ஆய்வு தொடங்குமுன் கூட இருக்கும் விஞ்ஞானி மூலம் வனத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் எழுத்து மூலமாகத் தெரிவித்துவிடுவது நல்லது. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமே வேண்டாம். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி அதற்குச் சென்னையில் உள்ள தேசிய ஆணையத்தின் அனுமதி தேவைப்படும், நம் வேலைக்கு அது அவசியமும் இல்லை.

படகுக்காரர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சங்காயத்தைச் சோதிக்கிறார்கள் என்றால், எந்த வலையைத் தடை செய்யப் போகிறார்களோ என்ற பயம் வருவது இயல்பு. எந்தப் படகின் பெயரும் எண்ணும் முடிவில் வராது என்று உறுதி சொல்ல வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும். முடிவு வந்ததும் முதலில் அவர்களுக்குத்தான் சொல்ல வேண்டும், அறிவியல் கண்காட்சிக்கு அப்புறம் போகலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, கடற்கரை நாள்காட்டியும் பள்ளி நாள்காட்டியும் இங்கே அழகாக ஒத்துப்போகின்றன. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறந்து வகுப்புகள் நிலைப்படும்போது படகுகளும் போகத் தொடங்கிவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மாதிரி எடுக்கலாம். வடகிழக்கு மழை பிடித்தபின் கரைக்குப் போவது குறையும், அப்போது கல்லூரி ஆய்வகத்தில் வேலை. பொங்கல் விடுமுறைக்குமுன் வரிசைகள் வந்துவிட்டால் ஜனவரியில் கணினியில் உட்கார்ந்து படிக்கலாம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை இதில் இழுக்க வேண்டாம், அவர்களுக்குப் பொதுத்தேர்வும் நீட்டும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒன்பதிலோ பதினொன்றின் தொடக்கத்திலோ சேர்ப்பதே சரி. முதல் வருடம் ஒரு பள்ளிக்கு இருபது முப்பது மாதிரி போதும், பாதி கெட்டுப்போகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். கெட்டுப்போனவற்றையும் ஏன் கெட்டது என்று யோசித்து அதே நோட்டில் எழுத வேண்டும், அடுத்த வருடம் வரும் பிள்ளைகள் முதலில் படிக்க வேண்டிய பக்கங்கள் அவைதான்.